பெட்டிக்குள் இருந்தது

இருங்க தம்பி, பெட்டிய அப்புறம் தெறக்கலாம். மொதல்ல இந்தக் கடுதாசியப் பாருங்க, உங்க போலீஸ் ஆபீஸ்லேந்து வந்ததுதான். லூபோமிர் ஹவ்ரானெக், என் வீட்டுக்காரரு. நான் யர்மிலா. அவரு வரல, வீட்லதான் இருக்காரு.

டாங்கி ஓட்டினவரு. பட்டாளம் பழைய பிஸ்டலயெல்லாம் கழிச்சுவிட்டு வித்தப்போ, தன் இடுப்புல கெடந்ததே கெடச்சிடுச்சுன்னு தூக்கிட்டு வந்தாரு. நம்பர் அதேதானாம். கல்யாண நாள் மறந்துபோவுது, இது மட்டும் ஞாபகமிருக்கான்னு கேட்டேன்.

சட்டத்த மீறினவரில்ல. லைசென்ஸு, டாக்டர் சர்டிபிகேட்டு, ஒண்ணும் தேதி தவறினதில்ல. சுட்டுப் பழகிட்டு வந்தா எண்ணெ போட்டுத் தொடச்சு இந்தப் பெட்டியில பூட்டிருவாரு. இந்தத் தடவ டாக்டரம்மா கையெழுத்துப் போடல. எப்படிப் போடுவா? இது என்ன மாசம்னு கேட்டதுக்கு, அது பட்டாள ரகசியம்னுட்டாரு. அவளும் சிரிச்சா, நானும் சிரிச்சேன்.

அப்புறம்தான் இந்தக் கடுதாசி வந்துச்சு, பத்து நாளைக்குள்ள பிஸ்டல ஒப்படைக்கணும்னு. தப்பு என்னோடதுதான். அவரு பேருக்கு வந்தத மறைக்கக் கூடாதேன்னு நானே வாசிச்சுக் காட்டினேன், ரெண்டு தடவ. சரிதான், சட்டம்னா சட்டம்னாரு. அன்னிக்கு மத்தியானம் தோட்டத்துக்கும் மாடிக்குமா நடந்துட்டே இருந்தாரு. நான் காளான் அறுத்துக் காயப்போட்டுட்டிருந்தேன், கவனிக்கல.

இப்பத் தெறங்க.

ஆமா. ஷேவிங் மிஷின். துணியில சுத்தி, எண்ணெயும் போட்டு வச்சிருக்காரு. அப்போ மிஷின் இருந்த எடத்துல பிஸ்டல் இருக்கும்னு குளியலறைக்கு ஓடினேன். அங்க சீப்பு இருந்துச்சு.

ஒம்போது நாளாச்சு. வெறகு அடுக்கு, முயல் கூண்டு, மாவு டப்பா, ஒண்ணு விடாம தேடிட்டேன். அவரக் கேட்டா, நீதானே போலீசுல குடுத்தேங்கறாரு.

குண்டா? பிஸ்டலுக்குள்ளதான் இருக்கணும். பெட்டியில ஒண்ணும் இல்லையே.

காணோம்னு அவரே வந்து எழுதிக் குடுக்கணுமா? அவரு வந்தா காணோம்னு சொல்ல மாட்டாரு தம்பி. பத்திரமா இருக்குன்னுதான் சொல்லுவாரு.

நான் வேற எங்கயாவது போய் இருக்கறதா? தங்கச்சி வீடு இருக்கு, போகலாம். அவருக்கு யாரு சாப்பாடு போடுவா? பதினொண்ணு பத்து பஸ்ஸ விட்டா அடுத்தது ரெண்டு மணிக்குத்தான், பசி தாங்க மாட்டாரு.

ஒண்ணும் நடக்கல தம்பி. இன்னிக்குக் காலைல அடுப்படி வாசல்ல நின்னு என்னையே பாத்தாரு. யாரும்மா நீங்க, என் வீட்டுக்குள்ள எப்படி வந்தீங்கன்னாரு. மரியாதையாத்தான் கேட்டாரு. அங்கயே உக்காருங்க, அசையக் கூடாது, இதோ வரேன்னு போனாரு. மாடியில கதவு தெறக்கற சத்தம் கேட்டுச்சு, அலமாரிய இழுக்கற சத்தம் கேட்டுச்சு. நான் அசையல. ரொம்ப நேரம் கழிச்சு வெறுங்கையோட வந்தாரு. எதுக்குப் போனோம்னே மறந்துட்டாரு போல. யர்மிலா, காப்பி ஆறிப்போச்சேன்னாரு. சூடு பண்ணிக் குடுத்துட்டுதான் பஸ் ஏறினேன்.