குட்டிக்கரடியின் இடது தோள்

...பாதிதாங்க ஞாபகம் இருக்கு. எங்க ஸ்டுடியோ பெரியவரு சொல்வாரு, ஓடுறவன வரையணும்னா காலப் பாக்காதே, பாக்க வேண்டியது... என்னமோ சொல்வாரு. நாக்குல நிக்குது, வரமாட்டேங்குது.

உக்காருங்கம்மா. குண்டு போட வர்றாங்கன்னு சங்கு ஊதல, கரண்டுதான் போயிருக்கு. வந்ததும் படத்த ஓட்டுவாங்க. கொட்டகைல இருக்கறதே நாம ரெண்டு பேரு, எங்க ஓடப் போறோம்.

ஓசாகாவுல ஏதும்மா பிள்ளைங்க? குண்டுக்குப் பயந்து எல்லாத்தையும்தான் மலைப்பக்கத்துக் கோயிலுங்களுக்கு அனுப்பிட்டாங்களே. உங்க பொண்ணுமா? சரிதான். பிள்ளைங்களுக்குன்னு கடற்படை எடுக்கச் சொன்ன பொம்மைப் படம், பாக்குறது நீங்களும் நானும்.

ஆமா, வரைஞ்சதுல நானும் ஒருத்தன். விமானம் ஓட்டுற முயலு, கொம்பு வெச்ச எதிரி, அதெல்லாம் மத்தவங்க. குட்டிக்கரடி மட்டும் என்னோடது. அது விமானத்தப் பாத்து ஓடுறப்போ சிரிச்சீங்களே? பரவால்லம்மா, சிரிக்கத்தான் வரைஞ்சேன். இடது தோளு மட்டும் கொஞ்சம் எறங்கும், கவனிச்சீங்களா? ம், தோளுதான். தோளப் பாருன்னுதான் சொல்வாரு.

வரைஞ்ச தாளெல்லாம் எங்க இருக்கா? செல்லுலாய்டு தாளுக்குப் பஞ்சம். ஒரு காட்சி எடுத்ததும் கழுவிட்டு, அதுலயே அடுத்தத வரையணும். கரடிய நாந்தான் தொட்டியில போட்டுக் கழுவினேன். தண்ணி கறுத்துப் போச்சு. இனிமே அது ஓடுறது இந்தச் சுருள்ல மட்டுந்தான். இதுவும் நாளைக்கு வேற ஊருக்குப் போவுது.

யாரப் பாத்து வரைஞ்சேனா? எய்கிச்சிய. எம் பையன். முற்றத்துல ஓடவிட்டுப் பாத்து வரைவேன். ஏம்ப்பா, கடைசில என்னையக் கரடியாக்கிட்டியேன்னு கேலி பண்ணுவான். நான் வரைஞ்சு முடிக்கறதுக்குள்ள நெசமான விமானத்துல ஏறப் போயிட்டான். பதினேழு வயசு. பிப்ரவரியில அவன் அஸ்தின்னு வெள்ளத்துணி சுத்தின பெட்டி வந்துச்சு. ஆட்டினா சத்தம் கேட்டுச்சு. தெறந்து பாத்தா ஒரு கூழாங்கல்லு. போட்டோவெல்லாம் போன மாசம் வீட்டோட எரிஞ்சுது.

இன்னொரு படம் வேணும்னு கடற்படைக்காரங்க நேத்து வந்தாங்க. அதையும் பாத்துட்டு எத்தன வீட்டுப் பயலுக சண்டைக்குப் போவானுங்களோன்னு எம் பொஞ்சாதி கேட்டா. அந்தப் படமும் உங்க பொண்ணு வயசுப் பிள்ளைங்களுக்குத்தான்.

கரண்டு வந்துருச்சு, திரும்பி உக்காருங்க.

அந்தப் புதுப் படத்துலயும் குட்டிக்கரடி வருதாம். சரின்னுட்டேன்.