மாப்பிள்ளைய விசாரிக்க வந்த நைனா

ஆமா நைனா, முருகையன் வேல செய்ற போர்டு கட இதான். அவரு கோபாலபுரத்துல ஒரு டாக்டர் வூட்டுக்கு போர்டு மாட்டப் போயிகீறாரு, வர ஒரு மணி நேரம் ஆவும். மாப்பிள்ளைய விசாரிக்க வந்தீங்களா? ஆதம்பாக்கத்துலேர்ந்தா? சரி, என்னையே கேளுங்க. அதுக்கு முன்னால இந்த அக்ரிலிக் ஷீட்ட அந்தப் பக்கம் கொஞ்சம் புடிச்சிக்கோங்க. அரை அங்குல கனம், தனியா அறுக்க முடியாது.

இன்னா, காயிதத்த ஏன் உரிக்கிறீங்க? கீறல் வுழாம இருக்க ஒட்டிக்கீறது அது. அறுத்து முடிச்சிதான் உரிக்கணும். புச்சா வர்றவங்க எல்லாரும் பளபளப்பு பாக்கணும்னு மொதல்ல அதத்தான் உரிப்பாங்க.

முருகையனோட அம்மா தேவானை இன்னா சொன்னாங்க? புள்ள மேனேஜரு, அவரு கீழ ஆறு பேரு வேல செய்றாங்கன்னா? ஆறு தபாவும் என்னையே எண்ணிக்கீறாங்க. சீரா ஸ்கூட்டரு வேற கேட்டாங்களா? அது புக் பண்ணி, வருசக்கணக்கா காத்துக்கினு இருந்து கைக்கு வர்றதுக்குள்ள உங்க பேரப்புள்ள ஸ்கூலுக்குப் போவ ஆரம்பிச்சிடும்.

அமுக்காதீங்க நைனா, சும்மா தாங்கிப் புடிங்க. நானே ரம்பத்த அழுத்த மாட்டேன், அது பாட்டுக்கு போவணும். அவசரப்பட்டா சூட்டுல உருகி, அறுத்த எடமே திரும்ப ஒட்டிக்கும். அதான் சோப்புத் தண்ணி வுட்டுக்கினே அறுக்கறேன். போன மாசம் ஒரு வட்டச் செயலாளருக்கு ரெண்டு நாளு பொறுமையா எழுத்து அறுத்து, ஓரத்த உப்புத்தாளால தேச்சி, பாலிஷ் போட்டு எடுத்துக்கினு போனா, மனுசன் அதுக்குள்ள வேற கட்சிக்குப் பூட்டாரு. பதவி அதேதாம்மா, கட்சி பேர மட்டும் மாத்திக் குடுன்றாரு.

குடிப்பாரான்னா? டீ குடிப்பாரு. கோவமா? ஷீட்டு ஒடஞ்சாகூட திட்ட மாட்டாரு. ஒடஞ்ச துண்ட வழவழன்னு தேச்சி சாவிக்கொத்துக்கு வில்ல செஞ்சி குடுப்பாரு. எனக்கும் ஒண்ணு குடுத்தாரு. நல்ல மனுசன் நைனா, அதுல பொய்யே இல்ல.

இப்ப கைய எடுத்துடாதீங்க. கடைசி ஒரு அங்குலத்துலதான் எல்லாரும் கோட்ட வுடுவாங்க. பாரம் தொங்கி, மூல பேத்துக்கினு பூடும். பொண்ணு பத்தாவது பாஸா? ஜெயபாரதியா? பேரே நல்லா கீது. அதுக்கு நல்ல எடமா அமையணும்னு நானே வேண்டிக்கிறேன். நெசமா சொல்றேன், உங்க மொகத்த பாத்துக்கினு பேச முடியல. அதான் வேலைய பாத்துக்கினே பேசறேன். என் பேரு சுலோச்சனா.

ஆங், வந்துடுச்சி. ஓரம் எவ்ளோ சுத்தமா கீது பாருங்க. இப்ப கீழ வெக்கலாம்.

அவருக்கும் எனக்கும் தை மாசமே ரிஜிஸ்டர் ஆபீசுல கல்யாணம் ஆயிடுச்சி நைனா. அவங்கம்மாகிட்ட சொல்லத்தான் ரெண்டு பேருக்கும் தகிரியம் வரல. நீங்க அவங்கம்மா வூடு கீற சைதாப்பேட்ட வழியாதான போவீங்க, அப்டியே எறங்கி ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க.