பக்கத்து வீடு என்றோம், அக்கரை என்றார்

அவையை அணிசெய்யும் தலைவர் அவர்களே! எங்கள் கிறுக்கல்களுக்கு உருவம் கொடுத்த ஆலைத் தோழர்களே! பிள்ளைகள் எப்போது வீடு திரும்புவார்கள் என்று தெரியாமலே பொறுத்திருந்த தாய்மார்களே! பின்வரிசையில் பாதி எழுந்துவிட்ட நண்பர்களே, உட்காருங்கள், சுருக்கமாகத்தான் பேசுவேன்!

புதிய பிராசசர் வெளிவந்ததற்கு வடிவமைப்புத் தலைவன் என்று என்னைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழுக்கு நான் உரியவனா?

கருவிகளின் மூளையான இந்தப் பிராசசரை ஒரே பெரிய சிப்பாகச் செய்தால் ஓரத்தில் ஒரு பழுது விழுந்தாலும் முழுச் சிப்பும் குப்பைக்குப் போகும். ஆகவே நான்கு சின்னச் சிப்களை ஒரே பலகையில் ஒட்டி ஒட்டி வைத்தோம். பழுது குறைந்தது, பெருமை பெருகியது! ஒரு சிப்பை ஒட்டியிருக்கும் சிப்புக்கு நாங்கள் வைத்த செல்லப்பெயர் ‘பக்கத்து வீடு’. பெயரே எங்களை ஏமாற்றிவிட்டது ஐயா! பக்கத்து வீடுதானே, கூப்பிட்டால் கேட்காதா என்று இருந்துவிட்டோம். சோதனைகளைக்கூட ஒரே சிப்புக்குள் ஓட்டிப் பார்த்துக் கைதட்டிக்கொண்டோம். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், சிரிக்க வேண்டியதுதான்!

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அளவீட்டுப் பிரிவில் ‘ஸ்டாப்வாட்ச் அக்கா’ என்று நாங்கள் கேலி செய்தவர். ஒரே வேலையை இரண்டு சிப்புக்குப் பங்கிட்டு ஓடவிட்டு, அறிக்கையோடு என் அறைக்கு வந்தார்.

“சார், இது பக்கத்து வீடு இல்ல, அக்கரை. தகவல் போய்ட்டு வர, ஒரே சிப்புக்குள்ள ஆகுறதைவிட மூணு மடங்கு நேரம் ஆகுது. சேர்ந்து பேசுற வேலையைப் பிரிச்சு வைக்காதீங்க.”

“முதல்ல உங்க கடிகாரத்தைச் சரி பாருங்கம்மா” என்றேன்.

அதோடு விட்டேனா? கையேடு எழுதும் பிரிவுக்கு அவரை மாற்றிக் கையெழுத்தும் போட்டேன். பன்னிரண்டு ஆண்டுகள் அளந்த கை, ஆறு மாதம் காற்புள்ளி திருத்தியது.

பிறகு, மருத்துவமனை ஸ்கேன் கருவி செய்பவர்கள் எங்கள் பிராசசரின் மாதிரியைத் தங்கள் கருவியில் ஓட்டினார்கள். துடிக்கும் இதயத்தின் படம் திரையில் நின்று நின்று வந்தது. நின்றது இதயமா? இல்லை! எங்கள் சிப்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுவிட்டுக் காத்துக் கிடந்தன. ஓடிப்போய் அவருடைய அறிக்கையைத் தேடி எடுத்தேன். அதில் சொன்னபடியே, சேர்ந்து பேசும் வேலைகளை ஒரே சிப்பில் உட்கார வைத்தோம். மற்ற சிப்கள் சில நேரம் சும்மா இருந்தன, விளம்பரத்தில் போட நினைத்த வேகம் குறைந்தது. குறையட்டும்! படம் தடையின்றி ஓடியது.

அவர் அக்கரை என்றார். அதிலிருந்த அக்கறை என் காதில் விழவில்லை. வெட்கப்படுகிறேன்.

தலைவர் அவர்களே, அளவீட்டுப் பிரிவில் அந்த அக்காவின் இருக்கை அவருக்கே திரும்ப வேண்டும். தலைவர் சரியென்று தலையசைக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள், நீங்கள் எல்லோரும் சாட்சி! அம்மா, மேடைக்கு வாருங்கள். என்ன, வரமாட்டீர்களா?

“நீங்க இறங்கி வாங்க சார்” என்கிறார்.

நியாயம்தானே! இதோ வருகிறேன். செவிகொடுத்த உங்கள் அனைவருக்கும் நன்றி. என் வணக்கத்தை அவர் எதிரில் நின்று சொல்லிக்கொள்கிறேன்.