வெடித்தோட்டத்து நிழல்

பகல் பன்னிரண்டே கால். வேலணைக்கு மேற்கே, கடலோரமாகப் போகும் மண்ரோட்டு. ஆளில்லை. மாடில்லை. வெயிலைத் தவிர வேறெதுவும் இல்லை…

பகல் என்றுதான் சொன்னேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். காற்று விழும்வரை நயினாதீவு லோஞ்சை எடுக்க மாட்டேன் என்று குருசுமுத்தர் சொல்லிவிட்டார். படகு அவருடையது, அந்தப் பேச்சுக்கு அப்பீல் கிடையாது. ஆகவே விடியும்வரை குறிகட்டுவானில் இந்தத் தேத்தண்ணிக் கடைக்குள்தான் நமக்குக் குடித்தனம். இவ்வளவு நேரமும் நீங்கள் சொன்னதெல்லாம் இராப் பேய்கள். புளியமரம், வெள்ளைச் சேலை, சலங்கைச் சத்தம். எனக்குக் கொட்டாவி வந்துவிட்டது.

“பகலிலை என்ன பேய், அக்கா?” என்று கேட்கிறார் குருசுமுத்தர்.

இராப் பேய்க்கு விளக்கைக் கொளுத்தலாம், குருசுமுத்தர். பகலில் வருவதற்கு என்ன செய்வீர்?

கிட்ட வந்து இருங்கள். மெல்லத்தான் பேசுவேன். மகள் மடியில் நித்திரை.

சரவணமுத்து என் அக்காவின் புருஷன். தபால்காரர். சீட்டு விளையாடினால் கையில் இருப்பதை முகத்திலேயே காட்டிவிடுகிற மனிதர், பொய் சொல்ல வராது. அறுபத்தொன்பதாம் ஆண்டு, சித்திரை மாதம். அந்த ரோட்டில் சைக்கிளில் போகிறார். முன்சில்லுக்கு மேலே ஒரு நிழல் வழுக்கிக்கொண்டு போனது. விரித்த இரண்டு செட்டை. ஒரு பருந்து.

நம் பக்கத்தில் செம்பருந்தைக் கண்டால் கருடன் என்று கை குவிப்போம். அதன் நிழல் தலையில் பட்டால் நல்லது என்போம். அத்தானும் பழக்கத்தில் சைக்கிளை நிறுத்தி, கையைக் குவித்து, அண்ணாந்து பார்த்தார்.

வானம் வெறுமையாக இருந்தது.

நிழல் மட்டும் மணலில் வட்டமடித்தது… ஒரு சுற்று, இரண்டு சுற்று… பிறகு சிவபாதம் வீட்டுப் பக்கமாகப் போனது. அது போன இடத்தில் ஒரு மணம். உப்பு மணமில்லை. உள்ளி மணம். நசுக்கிய வெள்ளைப்பூண்டு. அந்த மணத்தை அத்தான் ஒரு மாதத்துக்கு முன்னே ஒரு பிள்ளையின் கையில் மணந்திருந்தார்.

அந்தப் பிள்ளையைச் சொல்கிறேன்.

கொழும்பில் சட்டத் தொழில் பார்த்த ஒரு புரொக்டர் அங்கே கடலோரமாகப் பெரிய காணி ஒன்று வாங்கி, கௌதாரியும் முயலும் பெருகும்படி விட்டிருந்தார். தை மாதம் வந்தால் சிநேகிதர்களோடு துவக்கும் கையுமாக வேட்டைக்கு வந்து இறங்குவார். சுடுகிற வெடிச் சத்தத்தைக் கேட்டு ஊர் அதற்கு வெடித்தோட்டம் என்று பெயர் வைத்தது. காவல்காரர் சிவபாதம். பெண்சாதி மீனலோசனி. கலியாணம் முடித்து ஒன்பது வருசம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற ஒரே பிள்ளை அம்பிகை. ஆறு வயது.

அம்பிகைக்கு ஒரே விளையாட்டுத்தான். பருந்து நிழல் மணலில் வந்தால் பின்னாலேயே ஓடுவாள். ஓடி, முந்தி, தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிற்பாள். நிழல் தாண்டிப் போனதும், “என்னிலை பட்டிட்டுது!” என்று கத்துவாள். தபால் கொண்டு போகிற அத்தானையும் இழுத்து வைத்து நிற்கப் பண்ணுவாள். அவரும் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்பார்.

பிறகு பருந்துகள் குறைந்தன. முதலில் யாரும் கவனிக்கவில்லை. ஊர் அம்மன் கோயிலில் கொடியேறும்போது மேலே கருடன் வட்டமிடும், அதைக் கண்ட பிறகுதான் ஐயர் கயிற்றில் கை வைப்பார். ஒரு வருசம் வெகு நேரம் காத்து நின்ற பிறகு ஒன்று வந்தது. அடுத்த வருசம் அதுவும் இல்லை. வெயில் சரியும்வரை சனம் அண்ணாந்து நின்றது. குருக்கள் சந்திரமௌலீச ஐயர் கண் கலங்கிப்போய்க் கொடியை ஏற்றினார்.

ஊர் வெடித்தோட்டத்தைத்தான் சந்தேகித்தது. பருந்து கௌதாரிக் குஞ்சைத் தூக்கும் என்பது யாருக்குத் தெரியாது? சிவபாதத்தைக் கோயிலுக்குக் கூப்பிட்டார்கள். அவர் மறுத்தார். அவர் சட்டைப்பையில் புரொக்டரின் கடிதம் இருந்தது ஊருக்குத் தெரியாது. அடுத்த முறை வரும்போது வானத்தில் ஒரு பருந்தைக் கண்டாலும் குடும்பத்தோடு வீட்டை விட்டு இறங்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவரே என் அத்தான்தான், பாவம்.

“அப்ப கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணும்,” என்றது ஊர்.

தட்டில் கற்பூரம் எரிந்தது. பக்கத்தில் அம்பிகை, தகப்பனின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு. சிவபாதம் ஒரு கையைப் பிள்ளையின் தலையில் வைத்தார். “என்ரை பிள்ளையாணை, நான் ஒரு பருந்துக்கும் வெடி வைக்கேல்லை.” மற்றக் கையால் கற்பூரத்தை அணைத்தார்.

சொல்லில் பொய் இல்லை. அவர் துவக்கால் வெடி வைக்கவில்லை. வெடித்தோட்டம், வெடித்தோட்டம் என்று சொல்லிச் சொல்லியே நம் சனத்துக்கு வெடியைத் தவிர வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை. அவர் மருந்து வைத்திருந்தார். பூச்சி சாகப் புகையிலைக்கு அடிக்கிற மருந்து. சூடை மீனில் பூசி, மொட்டைப் பனைகளின் உச்சியில். அந்த மருந்துக்குத்தான் உள்ளி மணம்.

ஊர் அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கலைந்தது.

சத்தியம் செய்த பத்தாம் நாள், அத்தான் அதே ரோட்டில் எதிரே ஒருவர் ஓடி வருவதைக் கண்டார். சிவபாதம். தோளில் அம்பிகை. பனைக்கடியில் விழுந்து கிடந்த பருந்தொன்றைப் பிள்ளை மடியில் தூக்கி வைத்திருக்கிறாள். தொண்டையில் சிக்கிய மீனை விரலால் இழுத்து எடுத்திருக்கிறாள். பிறகு… அதே கையால் தாய் கொடுத்த பனங்கட்டியைத் தின்றிருக்கிறாள்.

அத்தான் தகப்பனையும் பிள்ளையையும் சைக்கிளில் ஏற்றினார். பிள்ளையின் வாயில் நுரை. கை அத்தானின் மூக்குக்குக் கிட்ட இருந்தது. ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்கு இன்னும் இரண்டு மைல் இருந்தது. “அப்பா, அது தண்ணி குடிக்குதில்லை,” என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

அந்த ஊரில் அதுதான் கடைசிப் பருந்து.

இனி அந்தச் சித்திரை மத்தியானத்துக்கு வாருங்கள். நிழலைத் தொடர்ந்து அத்தான் சிவபாதம் வீட்டுக்குப் போனார். முற்றத்து வெயிலில் மீனலோசனி நின்றாள். தலையில் இரண்டு கையும். நிழல் அவள் மேலே விழுந்து தாண்டியது.

“பயப்பிடாதையும் தம்பி,” என்றாள். “பின்னாலை பாரும்.”

பார்த்தார். பருந்தின் நிழலுக்குப் பின்னால் இன்னொரு நிழல் ஓடியது. சின்னது. கையைத் தூக்கிக்கொண்டு… உச்சி வெயிலில் நமக்கெல்லாம் நிழல் காலுக்குள் சுருண்டுவிடும். அது மட்டும் பின்னேர வெயிலில் போல நீண்டு கிடந்தது. சத்தமில்லை. காலடி படவில்லை. மணல் கலையவே இல்லை.

வீட்டுக்குள்ளிருந்து சிவபாதம் ஓடி வந்தார். மயிர் வெட்டவில்லை, கண் குழிக்குள். நிழலை முந்திக்கொண்டு போய்த் தலையில் கை வைத்து நின்றார். பருந்து நிழல் வளைந்து விலகியது. சின்ன நிழலும் விலகியது. அவர் இடப்பக்கம் ஓடினால் அவை வலப்பக்கம். “பிள்ளை… அப்பாவிலையும் ஒருக்கா…” என்று மணலில் முழங்கால் போட்டுக் கும்பிட்டார். அவை கடல் பக்கம் போய்விட்டன.

அன்று பின்னேரமே அவர் கோயிலுக்குப் போய் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: “வெடி வைக்கேல்லை எண்டுதான் சொன்னனான், ஐயா. மருந்து வைச்சனான்.”

“எங்களுக்கும் கேக்கத் தெரியேல்லையே, சிவபாதம்,” என்றார் ஐயர்.

அதன் பிறகு மீனலோசனி புருஷனோடு பேசவில்லை. சோற்றைக் கதவடியில் வைப்பாள். அவர் ஒவ்வொரு மத்தியானமும் வெயிலுக்குள் ஓடினார். “ஒருக்கா எனக்காகக் கூப்பிடும்,” என்று அவளிடம் அழுதாராம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி… நிழல் ஒரு நாளும் அவர்மேல் விழவில்லை.

ஆவணியில் ஒரு மத்தியானம் அத்தான்தான் அவரைக் கண்டார். வெட்டை வெளியில், மல்லாந்து. மூச்சில்லை. மணல் காலைப் பொசுக்கியது, சட்டையைப் பூட்டும் தெறி தொட்டால் சுட்டது. ஆனால் முகம் குளிர்ந்திருந்தது. நெற்றியிலும் கண்ணிலும் நிழல். சுற்றிலும் மரமில்லை, வேலியில்லை. நிழல் ஒரு சின்னக் கையின் அளவு. ஐந்து விரலும் தெளிவாக… வெயில் படாமல் கண்ணை மறைத்துப் பிடித்த மாதிரி.

தூக்கினார்கள். நிழலும் வந்தது. வீட்டுக்குள் கிடத்தினார்கள். குத்துவிளக்கு வெளிச்சத்திலும் அது முகத்திலேயே கிடந்தது. குளிப்பாட்டியும் போகவில்லை. அக்காவோடு நானும் போயிருந்தேன், இந்தக் கண்ணால் கண்டேன். மீனலோசனி தன் கையை அதன்மேல் வைத்து அளந்து பார்த்தாள். பிறகுதான் அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அடுத்த நாள் மத்தியானம் முற்றத்தில் நிழல் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பிள்ளை தகப்பனை மன்னித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். தாய் தனித்துவிட்டாள்.

பதினொரு வருசம். புரொக்டர் காணியை விற்றுவிட்டார், துவக்குச் சத்தமும் இல்லை. மீனலோசனி இன்றைக்கும் பன்னிரண்டே காலுக்கு முற்றத்தில் தலையில் கை வைத்து நிற்கிறாள். போன சனிக்கிழமை நானும் மகளும் அந்தப் பக்கம் போனபோது பார்க்கப் போனோம். என்னைக் கண்டதும் முகத்தை நீட்டினாள்.

“என்ரை முகத்திலை ஏதும் தெரியுதோ? ஒரு சின்னக் கை மாதிரி?”

வெயில்தான் தெரிந்தது. சுருக்கம் விழுந்த முகம், வெயில். இல்லை என்று எப்படிச் சொல்வது, சொல்லுங்கள்? எனக்கு ஏலாது. “ஓம் அக்கா, தெரியுது,” என்றேன்.

“உன்ரை பிள்ளையாணை?”

மகள் என் பக்கத்தில்தான் நின்றாள். மீனலோசனியின் கண்கள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் கையைத் தூக்கி… மகளின் தலையில் வைத்தேன். “ஓம்,” என்றேன். அவள் சிரித்தாள். பதினொரு வருசத்துக்குப் பிறகு சிரித்தாள்.

நயினாதீவு அம்மனிடம் என்ன அவசரம், இந்தக் காற்றில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாய் என்று பின்னேரம் கேட்டீர், குருசுமுத்தர். இதுதான் காரணம்.

லோஞ்சை மத்தியானத்துக்கு முதல் எடுத்துவிடும். எப்படியாவது எடுத்துவிடும்.

நேற்றுக் காலையிலிருந்து, எத்தனை தரம் சவுக்காரம் போட்டுக் கழுவினாலும், இவளுடைய கையில் உள்ளி மணக்கிறது. எங்கள் வீட்டில் உள்ளி முடிந்து ஒரு கிழமையாகிறது.