வலது கீழ் மூலை

எனக்கு உள்ளங்கை வியர்க்காது ஐயா. சென்னை வெயிலில் அது பெரிய வரம். டிரேசிங் தாளில் ஒரு சொட்டு விழுந்தால் ஒரு வார உழைப்பு பாழ். "உன்னைச் சேத்துண்டதே அந்தக் கைக்காகத்தான்டா நல்லசிவம்" என்று சுப்பராமன் சார் கேலி செய்வார்.

கோபாலபுரத்து அலுவலகத்தில் நாங்கள் இருவரும் ராக்கெட் எஞ்சினுக்குப் படம் வரைந்தோம். வெளிநாட்டு அரசும் நம் அரசும் சேர்ந்து நடத்திய வேலை. வானிலை ஆராய்ச்சிக்கு என்றார்கள். அதே எஞ்சின் குண்டையும் தூக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டோம். சுப்பராமன் சார் வரைந்த ஒரு படத்தை மட்டும் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருந்தார்கள்.

எழுபத்து மூன்றில் வேறொரு நாட்டுக்காரர் தி. நகரில் என்னைத் தேடி வந்தார். அவர்கள் ஏவுகணை செய்துகொண்டிருந்தார்கள். என் படங்களில் இருப்பதுபோல் இத்தனை சுத்தமான கோடுகளை எங்கும் கண்டதில்லை என்றார். பதினோரு வருஷத்தில் அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். எஞ்சினிலிருந்து நெருப்பு வெளியேறும் குழலின் படத்துக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன். இரண்டு அரசுகள் கொடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர் ஒத்துழைப்பு. நான் கொடுத்ததற்கு மட்டும் ஏன் வேறு பெயர்?

அடுத்த வருஷம் அந்தப் பிரதி ஒரு துறைமுகத்தில் பிடிபட்டது. வரைந்தவர் ஒப்பமிடும் வலது கீழ் மூலையில் எஸ்.ஆர். என்று இருந்தது. சுப்பராமன் சாரின் ஒப்பம். தேடியபோது மூலப் படத்தையும் காணோம். அவரைக் கைது செய்தார்கள்.

அது பழக்கதோஷம் ஐயா. பிரதி எடுக்கிறவன் எதையும் படிப்பதில்லை. அடியில் இருக்கும் தாளில் என்ன இருக்கிறதோ, கை அதன் மேலேயே போகும். கறை இருந்தால் கறையும் வரும். அவர் ஒப்பம் அப்படித்தான் வந்துவிட்டது.

ஜாமீனில் வந்தவரை மயிலாப்பூரில் போய்ப் பார்த்தேன்.

"என் எழுத்துதான்டா. அந்த ஆர் வளைவுகூட என்னோடது. போட்ட ஞாபகந்தான் இல்லை. தூக்கத்துல போட்டிருப்பேனோ?"

"மனசைக் குழப்பிக்காதீங்க சார்" என்றேன்.

மூன்றாம் நாள் அவரை அடையாற்றிலிருந்து எடுத்தார்கள்.

அவர் மனைவி சீதா மாமி இன்றும் வெள்ளிக்கிழமைதோறும் வருகிறார். சார் குற்றமற்றவர் என்று அவருக்கு மனு எழுதித் தருவது நான்தான். ஒருநாள் ஒரு கட்டுக் காகிதம் கொண்டுவந்தார். "ஜாமீன்ல வந்தப்புறம் ஆத்துக் கூடத்துல உக்காந்துண்டு நாள்பூரா எஸ்.ஆர்., எஸ்.ஆர்.னு போட்டுப் போட்டுப் பாத்துண்டிருந்தார். நீங்கதான் அவர் பேரைக் காப்பாத்தணும்" என்றார்.

அந்தக் கட்டைத் தினமும் பிரித்துப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறது. நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறார். பிரதியில் இருந்த அளவுக்கு ஒன்றுகூட அச்சாக இல்லை.

நீங்கள் தேடிய மூலப் படம் இதுதான். இத்தனை வருஷமும் என் பெட்டியில்தான் இருந்தது. விரித்து மூலையைப் பாருங்கள். என்.எஸ். என்று இருக்கும். அடியில் இருந்தது என் ஒப்பம்தான் ஐயா.