தேனீ குடித்த நீர்

மே மாதத்தில் நான் காலைக் காப்பியை வண்டியிலேயே குடித்துவிடுவேன். சவாரோக் கள்ளியின் பூ மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். வீட்டில் உட்கார்ந்து ஆற்றிக்கொண்டிருந்தால் அன்றைய பூ போயே போய்விடும்.

இந்தக் கபோர்க்கா ஊரில் என்னை எல்லாருக்கும் தெரியும், ஐயா. இருபத்தாறு வருடங்களாகப் பாலைவனத்தில் பூச்சி, பறவை, கள்ளிப்பூ என்று படம் எடுக்கிறேன். ஒரு வண்டுக்காக நாலு மணி நேரம் மண்டியிட்டிருக்கிறேன். எதையும் தொட மாட்டேன், நகர்த்த மாட்டேன். காத்திருப்பேன்.

ஃபிதென்சியோ என் மனைவி ஒத்திலியாவின் தம்பி. கேமரா பிடிக்கக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். கலகலப்பானவன், ஒத்திலியா சுட்ட ரொட்டியில் பீன்ஸைச் சுருட்டித் தின்றுகொண்டே வழியெல்லாம் என்னைக் கிண்டல் செய்வான். போன வருடம் எர்மோசியோ நகரப் புகைப்படக் கண்காட்சியில் அவன் எடுத்த மரங்கொத்திப் படத்துக்கு முதல் பரிசு. கள்ளிப்பூவில் அலகை நுழைத்தபடி அத்தனை அசையாமல் நின்றது அந்தப் பறவை. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. எப்படி என்றுதான் புரியவில்லை.

இந்த மே மாதம் புரிந்தது. இருவரும் என் வண்டியில்தான் போனோம். வறண்ட ஆற்றின் வளைவில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தோம். ஏழு மணி வாக்கில் அவனைத் தேடிப் போனபோது, ஒரு மரங்கொத்தியின் காலை நைலான் இழையால் கள்ளியோடு கட்டிவைத்திருந்தான். பறவை களைத்துப்போய் வாயைத் திறந்தபடி இருந்தது. நான் கத்தியை எடுத்து இழையை அறுத்தேன். அது கீழே விழுந்தது. கால் முறிந்திருந்தது.

அவன் கோபப்படவில்லை. சிரித்தான்.

"பத்து நிமிஷத்துல நானே அவுத்து விட்டிருப்பேன். போன வருஷம் என் படத்துக்கு ஊரே கை தட்டுச்சு. உங்க படம் கக்கூஸுக்குப் போற வழியில தொங்குச்சு. இது பறவை மேல பாசமா, என் மேல பொறாமையா, மச்சான்?"

கேமரா முக்காலி என் கையில் மடித்தபடி இருந்தது. முழங்காலில் ஒரு அடி, நெற்றியில் ஒரு அடி. மல்லாந்து பக்கத்துப் புதர்க்கள்ளியின் முள்ளில் விழுந்தான். அந்தக் கள்ளியின் முள் உள்ளே போனால் சதையோடுதான் வரும். எழ முயன்றான், முடியவில்லை. தண்ணீர் கேட்டான். வண்டி முந்நூறு அடி தூரத்தில்தான் நின்றது. எடுத்துவரத்தான் திரும்பினேன்.

அப்போதுதான் தேனீயைப் பார்த்தேன்.

வெயில் காலத்தில் ஈரம் எங்கே இருந்தாலும் அவை வந்துவிடும். பச்சை நிறத்தில், அரிசியளவு. அவன் இடது கண்ணோரத்தில் உட்கார்ந்து கண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருடத்தில் நான் பார்த்திராத காட்சி. மண்டியிட்டு லென்ஸை மாற்றினேன்.

அவன் தலையைத் திருப்பினான், தேனீ பறந்துவிட்டது. அது திரும்பி வரும்போது அசையாமல் இருக்கத் தலையின் இரு பக்கமும் கல் வைத்தேன். பிறகு வலது கை எழுந்து எழுந்து வந்தது. முக்காலியால் மணிக்கட்டில் இரண்டு முறை அடித்தேன், அப்புறம் எழவில்லை. வெளிச்சம் அன்றைக்கு நன்றாக இருந்தது. பத்தரை மணி வரை எடுத்தேன். "அக்கா, அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். உதடு அசைந்தால் கன்னமும் அசையும் என்பதால் அவன் ஓயும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அவன் மூச்சு அடங்கியதும் முள்புதருக்குக் கீழே கிடத்தி, ஆற்றின் கரையை இடித்து மூடினேன். தனியாக மலைப்பக்கம் நடந்தான், திரும்பவில்லை என்று ஊரில் சொன்னேன். ஒன்பது நாள் தேடினார்கள். நானும் கூடப் போனேன்.

அக்டோபரில் அந்தப் படத்தைக் கண்காட்சிக்கு அனுப்பினேன். அனுப்பாமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்டீர்கள். அப்படி ஒரு படத்தை எடுத்துவிட்டுப் பெட்டிக்குள் வைப்பது பாவம், ஐயா. முதல் பரிசு கிடைத்தது. சுவர் அளவுக்குப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். இமை முடிகள், ஒரு துளி நீர், தேனீ, அவ்வளவுதான். எந்த மிருகத்தின் கண் என்று சிலர் கேட்டார்கள். புன்னகைத்தேன்.

ஒத்திலியாவும் வந்திருந்தாள். படத்தின் முன் வெகுநேரம் நின்றாள். பிறகு இமையின் ஓரத்தில் விரலை வைத்தாள். அங்கே கோதுமைமணி அளவில் ஒரு வடு. சிறு வயதில் ஃபிதென்சியோவைச் சேவல் கொத்தியதாம். எனக்கு அது தெரியாது.

"இதை எடுக்கும்போது அவனுக்கு உயிர் இருந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

நேருக்கு நேர் கேட்டால் அவளிடம் நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.

"உயிர் இல்லேன்னா கண்ணுல எப்படித் தண்ணி வரும், ஒத்திலியா?" என்றேன்.

அங்கிருந்து நேராக இந்தப் போலீஸ் நிலையத்துக்கு, உங்களிடம்தான் வந்திருக்கிறாள். அத்தனை பேர் பார்த்த படத்தைச் சரியாகப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். வெளியே போகும்போது அழுதாள். பெருமையில்தான் என்று நினைக்கிறேன்.