சனூன் மறுத்த விளக்குகள்

மேடையில் அமர்ந்திருக்கும் மீள்குடியேற்றக் குழுத் தலைவர் அவர்களே, சிலாவத்துறைக் கடற்றொழிலாளர்களே, தாய்மார்களே, மர்ஹூம் சனூன் அவர்களின் மகள் றிப்காவே! உங்கள் அனைவருக்கும் வணக்கமும் ஸலாமும். சனூன் அவர்களின் இந்த நினைவுக் கூட்டத்தில், குழுவின் செயலாளர் என்று சொல்லிக்கொண்டு உங்கள் முன் நிற்க எனக்குக் கூசுகிறது.

பொறியியலாளர் சனூன் யார்? வெளிநாட்டு மின்பொருள் தொழிற்சாலை ஒன்றில், ஈயமும் பாதரசமும் சட்டம் விதித்த அளவைத் தாண்டுகின்றனவா என்று சோதித்தவர். போர் முடிந்து, இடம்பெயர்ந்திருந்த நாம் ஊர் திரும்பியபோது அந்த வேலையை விட்டுவிட்டு, நம்மோடு தகரக் கொட்டிலில் குடியிருக்க வந்தவர்.

கரண்ட் வராத அந்த நாட்களில் ஒரு கம்பனி நமக்குச் சூரிய விளக்குகளை இலவசமாகத் தந்தது. குழு உறுப்பினரான சனூன் ஒன்றைக் கழற்றிப் பார்த்தார். உள்ளே கம்பிகளைப் பற்றவைத்ததெல்லாம் ஈயம். சட்டம் உள்ள நாட்டில் விற்க முடியாத சரக்கு. பழுதான ஈயப் பற்றரியைத் திரும்ப எடுக்கவும் ஆளில்லை. ஏற்க வேண்டாம் என்றார். நாம் என்ன சொன்னோம்? "சனூன் நானா, இருட்டில கிடக்கிறவனுக்கு ஈயக் கணக்கு ஏன்?" என்று அண்ணன் முறை வைத்தே சிரித்தோம். தலைவர் அவர்களே, அந்தச் சிரிப்பில் உங்கள் குரல்தான் பெரிது. நான் மறக்கவில்லை.

சனூன் ஒன்றே ஒன்றைக் கேட்டார்: "அங்க உள்ள புள்ளைக்கு ஆகாதது, இங்க உள்ள புள்ளைக்கு எப்பிடி ஆகும்?"

பதில் சொன்னோமா? அடுத்த கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடாமல் விட்டோம்.

விளக்குகள் பழுதாகின. பிறகு நம் கரையில் மட்டுமே நடக்கக்கூடிய காரியம் நடந்தது. பற்றரியை உடைத்து, ஈயத்தைக் குசினி அடுப்பில் உருக்கி, வலை அமிழ்வதற்குக் குண்டு வார்த்தோம். அதே அடுப்பில் சோறும் காய்ச்சினோம். பிள்ளைகள் வயிற்றுவலியில் சுருண்ட பிறகுதான், இரத்தத்தில் ஈயம் என்றார்கள் டாக்டர்கள்.

அப்போதும் சனூன் சொல்லிக்காட்டவில்லை. வீடு வீடாகப் போய் உடைந்த பற்றரிகளைச் சேர்த்தார். "ஈயத்தை எடுத்திட்டா வலைக்கு எதைக் கட்டுற நானா, உங்கட சட்டத்தையா?" என்று கேட்டான் நம் கடற்றொழிலாளி றுஸ்தி. சனூனும் சேர்ந்து சிரித்தார். பிறகு சீமெந்தில் குண்டு வார்த்து வந்தார். முதல் வார்ப்பு கடலில் உடைந்துபோனது. மறுபடி வார்த்தார்.

இன்று அவரை எப்படிக் கௌரவிக்கிறோம்? அதே கம்பனியின் புதிய விளக்குகள் நம் களஞ்சியத்தில் இறங்கியிருக்கின்றன. கரண்ட் எட்டாத உட்கிராமங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை அவற்றைக் கொடுக்கப்போகிறோம். பெயர் என்ன தெரியுமா? 'சனூன் நினைவு விளக்கு'. அவருடைய படத்தையும் ஒட்டப்போகிறார்களாம்! நமக்கு வெட்கமே இல்லையா?

நேற்று றிப்கா என்னிடம் வந்து கேட்டார்: "வாப்பா மௌத்தாகிட்டார் எண்டுதானே கேக்காம பேர எடுக்கிறீங்க?"

அன்பர்களே, அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே பலரும் சொல்லிவிட்டார்கள். நான் தொடரப்போவது இவ்வளவுதான். களஞ்சியப் பூட்டின் திறப்பு, இந்தச் சாவி, என்னிடம் இருக்கிறது. ஈயம் அளவைத் தாண்டவில்லை என்று கம்பனி சோதித்துக் காட்டட்டும். பழுதான பற்றரிகளைத் திரும்ப எடுக்கவும் ஒப்புக்கொள்ளட்டும். அதுவரை திறப்பை யாருக்கும் தரமாட்டேன். தலைவர் அவர்களே, பூட்டை உடைப்பதென்றால், சனூன் அவர்களின் மகளைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு உடையுங்கள்.